ஒரே காய்ச்சலுக்கு நாலு பெயர் சொன்னார்கள். முதலில் பார்த்த டாக்டர் தவறவிட்டாரா?

நூல்மில்_செந்தில் (காங்கேயம் பக்கம்)

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்க.

அம்மாவுக்கு 58 வயது. பிரஷர் மாத்திரை தவிர வேறு மருந்து எதுவும் கிடையாது. கார்த்திகை கடைசியில் குளிர்காய்ச்சல் வந்தது. தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. எங்கள் ஊரில் ரொம்ப வருஷமாகப் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப் போனோம். ஸ்டெத் வைத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "வைரலாத்தான் இருக்கும். பாராசிட்டமால் போதும். மூணாவது நாளும் நிக்கலைன்னா வாங்க, ரத்தம் பாத்துக்கலாம்" என்றார். ஊசி போடவில்லை. அம்மாவுக்கு அதிலேயே மனக்குறை.

மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை. அத்தை சொன்னாரென்று டவுனில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், கொஞ்ச நேரத்திலேயே ரிப்போர்ட் வந்துவிட்டது. வைடால் என்கிற டைபாய்டு ரத்தச் சோதனையில் 1:160. "டைபாய்டு. நல்லவேளை, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க" என்று அட்மிஷன் போட்டார்கள். காலையும் மாலையும் ஊசி, பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ். உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. என்ன வியாதி என்று தெரிந்துவிட்டதே.

ஆனால் காய்ச்சல் விடவில்லை. பிளேட்லெட் 84,000க்கு இறங்கியதும் "டெங்குவும் சேர்ந்திருக்கலாம்" என்றார்கள். கண் லேசாக மஞ்சளானதும் "லிவர்ல தொற்று" என்றார்கள். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அங்கே போன ராத்திரியே டியூட்டியில் இருந்த சின்ன வயசு லேடி டாக்டர், திரையை இழுத்துவிட்டு அம்மாவை முழுசாகப் பரிசோதித்திருக்கிறார். இடது மார்புக்குக் கீழே, மடிப்புக்குள், மிளகளவில் ஒரு கறுப்புப் பொருக்கு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அதனால் அம்மா யாரிடமும் சொல்லவே இல்லை. "ஆடு வெச்சிருக்கீங்களா, புல்லறுக்கப் போவீங்களா?" என்று கேட்டாராம். எங்களிடம் ஏழு ஆடு இருக்கிறது.

உண்ணிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் என்றார்கள். டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்து ரெண்டு நாளுக்குள் காய்ச்சல் விட்டுவிட்டது. இப்போது வீட்டில் இருக்கிறார், நல்லபடியாகச் சாப்பிடுகிறார்.

என் கேள்வி இதுதான். முதல் டாக்டர் கவனிக்காமல் விட்டாரா? அன்றைக்கே எல்லா டெஸ்டும் எடுத்திருந்தால் தெரிந்திருக்குமா? மாமா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

---

மஞ்சப்பை_மணி

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஃபீஸ் வாங்கிக்கொண்டு "வைரலாத்தான் இருக்கும்" என்று சொல்ல டாக்டர் எதற்கு, எங்கள் பாட்டியே சொல்லும். ரெண்டாவது இடத்தில் டைபாய்டு என்று பில் போட்டவனையும் சேர்த்து இழுங்கள். விடாதீர்கள்.

---

ஊர்மருத்துவன் (பொது மருத்துவர்)

செந்தில், அம்மா தேறியதில் மகிழ்ச்சி. திண்டுக்கல் பக்கம் சின்ன ஊரில் கிளினிக் வைத்திருக்கிறேன். மழை முடிந்து பனி தொடங்கும் இந்த மாதங்களில் வருகிறவர்களில் பெரும்பாதிப் பேர் காய்ச்சல்காரர்கள்தான். அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவனாக எழுதுகிறேன்.

காய்ச்சல் வந்த முதல் ரெண்டு நாளில் டெங்கு, ஃப்ளூ, டைபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் எல்லாமே பார்ப்பதற்கு ஒன்றுதான். காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, பசியில்லை. மலேரியாவும் பல நேரம் அப்படித்தான் தொடங்கும். முகத்தைப் பார்த்துப் பிரித்துச் சொல்லிவிடுவேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, டெஸ்ட் எடுக்கலாமே என்றால், ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு நாள் இருக்கிறது. டெங்குவுக்கு என்.எஸ்.1 (வைரஸின் புரதத்தைப் பார்க்கும் சோதனை) முதல் சில நாட்களில் காட்டும், ஐ.ஜி.எம். (உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள்) அதற்குப் பிறகுதான் வரும். பிளேட்லெட் முதல் ரெண்டு நாள் நார்மலாகவே இருக்கலாம், இறங்குவது பிறகு. உண்ணிக்காய்ச்சலுக்கான ஐ.ஜி.எம். பொதுவாக முதல் வாரத்தின் கடைசியில்தான் நம்பும்படி இருக்கும். டைபாய்டுக்கு முதல் வாரத்தில் சரியான சோதனை பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பது. அதுவும் உண்மையான டைபாய்டு நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம்தான் கிருமியைப் பிடிக்கும், முடிவு வரச் சில நாள் ஆகும். ஆக அன்றைக்கே "எல்லா டெஸ்டும்" எடுத்திருந்தால் அம்மாவுக்குப் பெரும்பாலும் எல்லாமே நெகட்டிவ் என்று வந்திருக்கும், வைடால் மட்டும் பாசிட்டிவ் காட்டியிருக்கும். நீங்கள் இன்னும் சீக்கிரமாகத் தப்பான இடத்தில் போய் நின்றிருப்பீர்கள்.

"மூணாவது நாள் வாங்க" என்பதைத் தட்டிக்கழிப்பதாக எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் ஒரு பரிசோதனைதான். சாதாரண வைரல் அந்த நேரத்துக்குள் தணிய ஆரம்பிக்கும். தணியாதது தன் நிறத்தைக் காட்டும்.

ஆனால் முதல் டாக்டருக்கு நான் முழு மதிப்பெண் போட மாட்டேன். அந்தப் பொருக்கு, இந்தக் காய்ச்சலைப் பரப்பும் பூச்சி கடித்த இடத்தில் வருவது, பெரும்பாலும் காய்ச்சலுக்கு முன்பே வந்துவிடும். அன்றைக்கே அது அங்கே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லா நோயாளிக்கும் பொருக்கு இருக்காது என்பது வேறு விஷயம், உங்கள் அம்மாவுக்கு இருந்தது. காங்கேயத்தில், பனிக்காலத்தில், காய்ச்சலோடு வரும் ஒரு பெண்ணிடம் "ஆடு மாடு உண்டா, காட்டுக்குப் போவீர்களா" என்று கேட்டிருக்க வேண்டும். கேள்விக்குச் செலவு கிடையாது.

ரெண்டாவது இடத்தில்தான் விஷயம் கெட்டது. டைபாய்டு என்று எழுதியாகிவிட்டது. அதற்கப்புறம் வந்த ஒவ்வொன்றையும் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். பிளேட்லெட் குறைவது, கண் மஞ்சளாவது, மூச்சு வாங்குவது மூன்றும் உண்ணிக்காய்ச்சல் முற்றினால் வரக்கூடியவைதான். நீங்கள் கேட்ட நாலு பெயரும் ஒரே நோயின் துண்டுகளுக்கு வைத்த பெயர்கள். டைபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரியாக்ஸோன் வகை ஊசி ஸ்க்ரப் டைஃபஸ் கிருமியை ஒன்றும் செய்யாது. மருந்து வேலை செய்யவில்லை என்று தெரிந்தபோதே "நாம் நினைத்தது சரியா" என்று யாராவது நின்று கேட்டிருக்க வேண்டும்.

---

சீரம்_செல்வி (லேப் டெக்னீஷியன்)

டாக்டர் சார் வைடாலைத் தொட்டுவிட்டதால் நானும் வருகிறேன். இருபது வருஷமாக இந்த மேசைதான்.

சின்ன லேபில் வைடால் எப்படிச் செய்கிறோம் என்று தெரிந்தால் பாதிப் பேர் அந்த ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுவார்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு சீரம், பக்கத்தில் ஒரு சொட்டு ஆன்டிஜென். கிட்டில் நாலு பாட்டில் இருக்கும், ஓ, ஹெச், ஏ.ஹெச்., பி.ஹெச். என்று. குச்சியால் கலந்து ஒரு நிமிஷம் தகட்டை ஆட்டிப் பார்ப்பேன். மணல் மணலாகத் திரண்டால் பாசிட்டிவ். எவ்வளவு திரண்டால் எத்தனை என்பதை என் கண்தான் சொல்கிறது. சாயங்காலம் நாற்பதாவது சாம்பிளை அதே கண்தான் பார்க்கிறது. முறையாகச் செய்ய வேண்டுமென்றால் டியூபில் நீர்த்து, ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் படிக்க வேண்டும். அவ்வளவு நேரம் யார் காத்திருக்கிறார்கள்?

இந்தச் சோதனை 1896இல் வந்தது. அது பார்ப்பது கிருமியை இல்லை, கிருமிக்கு உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளை. எப்போதோ டைபாய்டு வந்து போயிருந்தாலும், தடுப்பூசி போட்டிருந்தாலும், வேறு காய்ச்சல் இருந்தாலும் திரளலாம். நம் ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களில் நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே 1:80 (சீரத்தை எண்பது மடங்கு நீர்த்தும் திரள்வது) வருவது சாதாரணம். ஒருமுறை பார்த்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடி பார்த்து, நாலு மடங்கு ஏறியிருந்தால்தான் அதற்கு அர்த்தம். ரெண்டாவது சாம்பிள் கொடுக்க இதுவரை யாரும் வந்ததில்லை. ஒன்று குணமாகியிருப்பார்கள், இல்லை வேறு ஆஸ்பத்திரியில் இருப்பார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வைடால் கேட்டு வருகிறவர்களில் நிறையப் பேர் டாக்டர் சீட்டு இல்லாமலே வருகிறார்கள். "டைபாய்டு இருக்கான்னு பாருங்கக்கா." நெகட்டிவ் என்றால் முகம் சுருங்கிவிடும். "அப்ப எதுக்குக் காய்ச்சல் வருது?" என்று என்னைக் கேட்பார்கள்.

டி.பி.க்கு இப்படி ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் கிட்டுகள் ஒரு காலத்தில் சந்தையில் கொடிகட்டிப் பறந்தன. நம்பகமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் சொன்னது, 2012இல் இந்திய அரசு தடையே போட்டது. வைடாலுக்கு அந்த நாள் எப்போது வருமோ.

---

மஞ்சப்பை_மணி

@சீரம்_செல்வி அக்கா, நம்பகமில்லை என்று தெரிந்தே ஏன் எடுத்துக் கொடுக்கிறீர்கள்?

---

சீரம்_செல்வி

எடுக்கவில்லையென்றால் அடுத்த தெருவில் எடுப்பார்கள். என் சம்பளம் அதில்தான் வருகிறது. அழகான பதில் இல்லைதான். ரிப்போர்ட்டின் கீழே "தனியாக இதை வைத்து முடிவெடுக்கக் கூடாது" என்று அச்சடித்துத்தான் கொடுக்கிறோம், சின்ன எழுத்தில்.

---

தேனிக்காரி

எல்லாரும் நிதானமாகப் பேசுகிறீர்கள். எனக்கு அவ்வளவு நிதானம் வரவில்லை.

என் மூத்தாருக்கு நெஞ்சு எரிச்சல். சர்க்கரை உண்டு. ராத்திரி பத்து மணிக்கு ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். "நார்மல், கேஸ்தான்" என்று ஒரு ஊசியும் கேஸ் மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். விடியுமுன் போய்விட்டார்.

டாக்டருக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. "இப்போதைக்கு நார்மலாக இருக்கிறது, ஆனால் மாரடைப்பு இல்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, கொஞ்ச நேரம் இங்கேயே இருங்கள்" என்று சொல்லியிருந்தால் நாங்கள் வராந்தாவிலேயே உட்கார்ந்திருப்போம். "கேஸ்தான்" என்றார். அந்த "தான்" எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நிச்சயமில்லாமை மருத்துவத்தில் சகஜம் என்று இங்கே எழுதுகிறவர்கள், நிச்சயம் இல்லாதபோது நிச்சயமாக இருப்பதுபோலப் பேசுவது ஏன் என்றும் எழுதுங்கள்.

---

ஊர்மருத்துவன்

அம்மா, உங்கள் கோபத்துக்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மாரடைப்பு வந்த ஆளுக்கே முதல் ஈ.சி.ஜி. நார்மலாக இருக்கலாம் என்பது பாடப்புத்தகத்தில் இருப்பது. சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி வராமலே, வெறும் எரிச்சல், வேர்வை, வாந்தி என்று வருவதும் அப்படித்தான். அதனால்தான் மறுபடி மறுபடி ஈ.சி.ஜி. எடுப்பதும், ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையை வந்தவுடன் ஒன்று, சில மணி நேரம் கழித்து ஒன்று என்று பார்ப்பதும். இதயத் தசை சேதமான பிறகுதான் அது ரத்தத்தில் ஏறும், அதற்கு நேரம் வேண்டும்.

செந்தில் அம்மாவின் முதல் டாக்டரையும் உங்கள் மூத்தாரைப் பார்த்த இவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அவர் "இருக்கும்" என்றார், எப்போது திரும்பி வர வேண்டும் என்றார். இவர் "தான்" என்று சொல்லிக் கதவை மூடிவிட்டார். காய்ச்சலில் ரெண்டு நாள் பொறுக்கலாம். நெஞ்சில் ரெண்டு மணி நேரம்கூடப் பொறுக்க முடியாது. பொறுத்தால் ஆள் போய்விடும் என்கிற நோயை முதலில் இல்லையென்று ஆக்கிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

அமெரிக்காவின் தேசிய மருத்துவ அகாடமி 2015இல் நோயறிதல் பிழைகள் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. நோயைச் சரியாக, நேரத்துக்குக் கண்டுபிடிக்காததை மட்டும் அவர்கள் பிழை என்று சொல்லவில்லை. கண்டுபிடித்ததை நோயாளிக்கு எடுத்துச் சொல்லாமல் விட்டாலும் அது நோயறிதல் பிழைதான் என்று வரையறையிலேயே எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் பலருக்கு இது உறைக்காது.

---

வடமராட்சி_வாசன் (பருத்தித்துறை)

எங்கட பக்கத்துக் கதை ஒன்று. 2024 நவம்பர் கடைசியில் புயல் மழை, வெள்ளம். டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகச் சனம் வைத்தியசாலைக்கு வரத் தொடங்கியது. சிலர் வந்து கொஞ்ச நேரத்திலேயே இறந்துபோனார்கள். என்ன காய்ச்சல் என்று முதலில் ஒருவருக்கும் தெரியவில்லை. வாட்ஸப்பில் புதுக் கொரோனா என்றார்கள், தண்ணியில் நஞ்சு என்றார்கள். மாதிரிகளை அனுப்பிப் பரிசோதித்த பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. வயலில் இறங்கினவர்கள்தான் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள்.

நான் கவனித்த விஷயம், பரிசோதனை முடிவு வரும்வரை வைத்தியர்கள் கை கட்டிக்கொண்டு இருக்கவில்லை. வெள்ளம், வயல், எலி என்று மூன்றையும் சேர்த்து யோசித்து, சந்தேகத்தின் பேரிலேயே மருந்து தொடங்கினார்கள். பிறகு பி.எச்.ஐ.மார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) வயல் செய்கிற ஆட்களுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை கொடுத்தார்கள். பெயர் தெரியாமலேயே சரியான பக்கம் நடக்கலாம்.

அதோடு, இங்கே காய்ச்சல் என்று போனால் மூன்றாம் நாள் எஃப்.பி.சி. (முழு ரத்த எண்ணிக்கை) எடுத்துக்கொண்டு வரச் சொல்லுவார்கள். டெங்கு பழக்கம். அதை யாரும் "தட்டிக்கழிக்கிறார்" என்று நினைப்பதில்லை, எல்லா வைத்தியரும் ஒரே மாதிரிச் சொல்லுவதால் இருக்கலாம்.

---

வார்டு_மேரி (செவிலியர்)

பொருக்கு விஷயத்துக்கு வருகிறேன். எங்கே ஒளிந்திருக்கும் தெரியுமா? அக்குள், இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம், தொடை இடுக்கு, மார்பு மடிப்பு, ஆண்களுக்கு விரைப்பை, காதுக்குப் பின்னால், முதுகுக்குக் கீழே. துணி இறுக்கிப் பிடிக்கிற இடம், வேர்வை தேங்குகிற இடம். சிகரெட்டால் சுட்ட மாதிரி வட்டமாக, நடுவில் கறுப்பு, சுற்றிச் சிவப்பு. ஈரமான மடிப்பில் கறுப்புகூட இருக்காது, வெறும் வெளிறிய புண்.

இதையெல்லாம் ஓ.பி.யில் யார் பார்ப்பது? நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள், திரை இல்லை, டாக்டர் ஆண், கூட வந்த மகன் பக்கத்தில் நிற்கிறார். அந்த அம்மா ஜாக்கெட்டின் முதல் ஊக்கைக்கூடத் தொட விடமாட்டார். "முழுசாப் பாருங்க டாக்டர்" என்று சொல்கிற குடும்பம்தான் "எதுக்கு இதையெல்லாம் கழட்டச் சொல்றாங்க" என்றும் கேட்கும். கோயம்புத்தூரில் அந்த டாக்டர் கண்டுபிடித்ததற்கு அவர் பெண் என்பதும், ராத்திரி நேரம் என்பதும், அங்கே ஒரு திரை இருந்தது என்பதும் பாதிக் காரணம். குளிப்பாட்டும்போது நாங்கள் கண்டுபிடித்துச் சொன்ன கேஸ்களும் உண்டு, ஆனால் ரவுண்ட்ஸில் எங்களை யாரும் கேட்பதில்லை. அது தனி இழை.

---

மஞ்சப்பை_மணி

சரி மேடம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நூறு பேர் வரிசையில் நிற்பது நோயாளியின் குற்றமா? ரெண்டு நிமிஷத்தில் பார்த்து அனுப்பினால் எதைக் கண்டுபிடிக்க முடியும்?

---

ஊர்மருத்துவன்

@மஞ்சப்பை_மணி இதில் உங்களோடு நிற்கிறேன். 2017இல் 67 நாடுகளின் தரவுகளைச் சேர்த்து ஒரு ஆய்வு வந்தது. அடிப்படை மருத்துவரைப் பார்க்க ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் வங்கதேசத்தில் 48 வினாடி, ஸ்வீடனில் 22.5 நிமிஷம். நாம் வங்கதேசத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம், ரெண்டு நிமிஷச் சொச்சம். அதில் பேர், வயசு, எத்தனை நாள் என்பதற்கே பாதி போய்விடும்.

அந்த ரெண்டு நிமிஷத்தில் "எனக்கு இன்னும் தெரியவில்லை" என்று சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? நோயாளி வெளியே போய், "இவருக்கு ஒண்ணும் தெரியல" என்று சொல்லுவார். ஊசி போட்டு, "டைபாய்டு ஆரம்பம்" என்று சொல்கிறவர் கைராசிக்காரர். வைரல் எப்படியும் அஞ்சாம் நாள் தானாகவே விடும், பெயர் அவருக்குப் போகும். என் தெருவில் எனக்கும் வாடகை இருக்கிறது. இந்தப் பழக்கத்தை டாக்டர்கள் தனியாக வளர்க்கவில்லை, நீங்கள் கேட்டு, நாங்கள் கொடுத்து, ரெண்டு பேருமாகச் சேர்ந்து வளர்த்தது.

---

எண்கணக்கு_எழில்

"எல்லா டெஸ்டும் எடுத்துவிடலாமே" என்பதற்கு ஒரு கணக்கு. 1978இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாணவர், பயிற்சி மருத்துவர், மூத்த மருத்துவர் என 60 பேரிடம் கேட்ட கேள்வி: ஒரு நோய் ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கிறது. சோதனை, நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்குத் தப்பாகப் பாசிட்டிவ் காட்டும். வேறு எந்த அறிகுறியும் தெரியாத ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தால் அவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு?

அதிகம் பேர் சொன்ன பதில் 95 சதவீதம். ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்திப் பாருங்கள். நோய் உள்ளவர் ஒருவர். மீதி 999 பேரில் 5 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 50 பேருக்குப் பொய்ப் பாசிட்டிவ். ஆக 51 பாசிட்டிவில் ஒருவருக்குத்தான் நோய். ரெண்டு சதவீதம். 60 பேரில் சரியாகச் சொன்னது 11 பேர்.

மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் ஒன்றுமில்லாமல் போன ஆள் மூன்று சந்தேகத்தோடும் இரண்டு ஸ்கேன் சீட்டோடும் திரும்பி வருவது இதனால்தான். யாரைச் சோதிக்கிறோம் என்பது சோதனையைவிட முக்கியம். புல்லறுக்கப் போகும் பெண்ணுக்கு வந்த பாசிட்டிவும், எங்கள் ஆபீஸ் ஏ.சி.யில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வந்த பாசிட்டிவும் வேறு வேறு.

---

வக்கீல்_வளவன்

கன்ஸ்யூமர் கோர்ட் பற்றிக் கேட்டதால் சுருக்கமாக. பணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சாந்தா வழக்கில் சொல்லிவிட்டது. வழக்குப் போட முடியும். ஜெயிப்பது வேறு விஷயம். 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பின்படி, கணிப்பு தவறிப்போனது மட்டுமே அலட்சியம் ஆகாது. அந்த இடத்தில் இருந்த சாதாரணத் திறமையுள்ள டாக்டர் செய்திருக்கக்கூடியதைச் செய்தாரா என்றுதான் பார்ப்பார்கள். முதல் டாக்டர் மீது ஒன்றும் நிற்காது. நர்சிங் ஹோம் மீது, மருந்து கேட்காதபோதும் நோயை மறுபரிசீலனை செய்யவில்லை என்று வாதாடலாம், இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டும். கேஸ் ஷீட் நகல் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

---

நூல்மில்_செந்தில்

எல்லாருக்கும் நன்றிங்க. கேஸ் ஷீட் நகல் வாங்கிவிட்டேன். டாக்டர் சார், ஒரு சந்தேகம். கோயம்புத்தூர் ஷீட்டில் முதல் பக்கத்தில் "? ஸ்க்ரப் டைஃபஸ், ? லெப்டோ, ? டெங்கு" என்று ஒவ்வொன்றுக்கு முன்னாலும் கேள்விக்குறி (லெப்டோ என்றால் எலிக்காய்ச்சல்). நர்சிங் ஹோம் ஷீட்டில் "என்டரிக் ஃபீவர்", அதாவது டைபாய்டு, என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறார்கள். கடைசிப் பக்கம் வரை அதேதான்.

---

ஊர்மருத்துவன்

கேள்விக்குறி போட்டவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். நல்ல ஷீட் அப்படித்தான் தொடங்கும், பரிசோதனை முடிவு வர வர ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவார்கள். உண்ணிக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தவுடனே, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் தொடங்கியிருப்பார்கள் பாருங்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் காய்ச்சல் விட்டால் அதுவே பாதி ஆதாரம். நிலைமை முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினோடு அசித்ரோமைசினும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுதல் என்று 2023இல் வந்த ஆய்வு வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தியதுதான்.

---

க்ளைம்_கவுண்டர்

இன்ஷூரன்ஸ் டெஸ்கில் வேலை பார்க்கிறேன், அதனால் இதைச் சொல்கிறேன். கேள்விக்குறியோடு வரும் ஃபைலுக்குத்தான் எங்கள் பக்கமிருந்து அதிகம் கேள்வி போகும். "காய்ச்சல், காரணம் தேடப்படுகிறது" என்று எழுதி அட்மிஷன் கேட்டால், "வீட்டிலேயே பார்த்திருக்கலாமே" என்று திருப்பி அனுப்புவார்கள். "என்டரிக் ஃபீவர், வைடால் பாசிட்டிவ்" என்றால் சாயங்காலத்துக்குள் அப்ரூவல். எந்த ஆஸ்பத்திரி எதை எழுதும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

---

தேனிக்காரி

இதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நன்றாக இருக்கிறது.

---

மஞ்சப்பை_மணி

செந்தில், முதல் டாக்டரை விட்டுவிடுங்கள். நர்சிங் ஹோமை விடாதீர்கள். இது என் திருத்தப்பட்ட தீர்ப்பு.

---

நூல்மில்_செந்தில்

வழக்கு வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். ஆனால் நர்சிங் ஹோம் டாக்டருக்கு ரெண்டு ஷீட்டையும் நகலெடுத்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் ஆடு இருக்கிறது என்று. பதில் வரவில்லை. ஊர் டாக்டரிடம் நேரிலேயே போய்ச் சொன்னேன். "எந்த இடத்துல இருந்துச்சு?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

---

புதுஅப்பா_2022

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். மகளுக்கு மூன்று வயது, நாலு நாளாகக் காய்ச்சல். இன்று காலை காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் சோர்ந்து படுத்தே இருக்கிறாள், ரெண்டு தடவை வாந்தி, வயிறு வலிக்கிறது என்கிறாள். காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, நாளை வரை பார்க்கலாமா?

---

ஊர்மருத்துவன்

@புதுஅப்பா_2022 பார்க்க வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். டெங்குவாக இருந்தால் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம். வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்வு மூன்றும் எச்சரிக்கை அறிகுறிகள். டெங்குதான் என்று நான் இங்கிருந்து சொல்லவில்லை, இல்லையென்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்த எண்ணிக்கையோடு பி.சி.வி.யும் (ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பதைக் காட்டும் அளவு) பார்க்கச் சொல்லுங்கள், பிளேட்லெட் மட்டும் போதாது. கடைசியாக எப்போது சிறுநீர் போனாள் என்பதை நினைவு வைத்துக்கொண்டு போங்கள், முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் கொடுக்க வேண்டாம். குழந்தைகள் வார்டு உள்ள இடமாகப் பாருங்கள், ஜி.ஹெச். பக்கம் என்றால் அங்கேயே போகலாம்.

---

புதுஅப்பா_2022

மதியத்துக்கு அப்புறம் சிறுநீர் போகவே இல்லை சார். ஆட்டோ சொல்லிவிட்டேன், ஜி.ஹெச்.சுக்குத்தான் போகிறோம்.